புதுக்கோட்டையைச் சுற்றி மூன்று நாள் சைக்கிளில்: முதன்முறை செல்பவருக்கான வழிகாட்டி

சித்தன்னவாசல் வாயிலுக்கு நான் முதன்முதலில் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது காலை மணி ஆறே முக்கால். விடியும் முன்பே கிளம்பி, 16 கி.மீ. தூரத்தை வெயில் படாமல் கடந்துவிட்ட பெருமையோடு இறங்கிப் பார்த்தால் கதவு பூட்டியிருந்தது. ஒன்பது மணிக்குத்தான் திறப்பார்கள் என்று அவ்வழியே ஆடு ஓட்டிவந்த பெரியவர் ஒருவர் சொன்னார். காத்திருந்து, பாறையைக் குடைந்த கோயிலின் ஓவியங்களைப் பார்த்துவிட்டு, குன்றின் மேலுள்ள ஏழடிப்பட்டம் குகைக்கும் ஏறி இறங்கி, அங்கிருந்து உச்சி வெயிலில் குடுமியான்மலைக்கு மிதித்துச் சேர்ந்தபோது கோயில் நடை சாத்தியிருந்தது. மறுபடி திறக்க நான்கு மணி ஆயிற்று. 50 கி.மீ. மட்டுமே ஓட்டிய அந்த நாளில் மிதித்த நேரத்தைவிடப் பூட்டிய கதவுகளுக்கு வெளியே உட்கார்ந்திருந்த நேரமே அதிகம்.

புதுக்கோட்டை வட்டாரத்தில் சைக்கிள் ஓட்டுவது கடினமன்று. பெரிய ஏற்றங்கள் இல்லை. ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே நான்கைந்து கி.மீ. தூரம்தான், கண்மாய்க் கரையும் பனைமரமும் தைலமரத் தோப்புமாகச் சாலைகள் அமைதியாக இருக்கின்றன. வெயில் ஏறும் நேரமும் கதவு திறக்கும் நேரமும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதுதான் இங்கே உண்மையான சிக்கல். இரண்டாம் முறை சென்றபோது அதே இடங்களை வேறு வரிசையில் மாற்றிப் போட்டுப் பார்த்தேன்; பயணம் சரியாக அமைந்தது. அந்த வரிசையையும், அதற்கு முன் சைக்கிளை அங்கே கொண்டு சேர்க்க நான் பட்ட பாட்டையும் கீழே எழுதியிருக்கிறேன். எந்தக் கோயிலை யார் கட்டினார் என்பதற்கெல்லாம் இங்கே இடமில்லை.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

தை, மாசி இரண்டும் ஏற்ற மாதங்கள். ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக் காலம். செம்மண் பாதைகள் சேறாகி, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே அப்பிக்கொண்டு சக்கரத்தைச் சுழலவிடாமல் செய்துவிடும். பங்குனி தொடங்கிவிட்டால் காலை பத்து மணிக்கே பாறை சுடத் தொடங்கும். சித்திரை, வைகாசியில் செல்ல நினைக்கவே வேண்டாம். ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து காற்று பலமாக வீசும். அப்போதுதான் விடுப்பு கிடைக்கிறது என்றால் காலையில் மேற்கு நோக்கிச் சென்று பிற்பகலில் கிழக்கே திரும்புமாறு திட்டமிடுங்கள், திரும்பும்போது காற்று முதுகில் தள்ளிவிடும்.

தை மாதத்திலும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, இது ஜல்லிக்கட்டு மாவட்டம். பொங்கலை ஒட்டித் தொடங்கும் ஜல்லிக்கட்டுகள் அடுத்த சில மாதங்கள் ஊர் ஊராக நடக்கும்; அந்த நாளில் அந்த ஊர்ச் சாலையில் காளை ஏற்றிய வண்டிகளும் கூட்டமுமாக இருக்கும். முந்தைய நாள் மாலை ஏதாவது ஒரு தேநீர்க்கடையில் கேட்டால் நாளை எங்கே என்று சொல்லிவிடுவார்கள். இரண்டாவது, அறுவடை. சிற்றூர்ச் சாலைகளில் நெல்லைக் காயப்போடுவார்கள். கொள்ளு, உளுந்துச் செடிகளை வண்டிகள் ஏறி மிதிக்கட்டும் என்று சாலையிலேயே பரப்பிவைப்பார்கள். லாரி அதன்மேல் ஏறிப் போகலாம், நீங்கள் போகக் கூடாது. கொள்ளுக்கொடி பின்சக்கரப் பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டால் அரை மணி நேரம் கத்தரிக்கோலோடு சாலையோரம் உட்கார வேண்டியிருக்கும். இறங்கித் தள்ளிக்கொண்டு, காயும் நெல்லை மிதிக்காமல் ஓரமாகக் கடந்து செல்லுங்கள்.

பங்குனியில்தான் போக முடியும் என்றால் நார்த்தாமலை முத்துமாரியம்மன் திருவிழா எந்த நாள்களில் வருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பால்குடமும் காவடியுமாக வரும் கூட்டத்தில் சைக்கிளை நிறுத்தக்கூட இடம் கிடைக்காது.

2. சைக்கிளை ரயிலில் அனுப்புதல்

இந்தப் பகுதியைப் பொறுமையாகப் படியுங்கள். நான் ஒரு முழு நாளை இழந்தது இங்கேதான்.

ரயிலில் சைக்கிளை அனுப்ப இரண்டு வழிகள் உள்ளன. உங்களிடம் அதே ரயிலில் பயணச்சீட்டு இருந்தால் ‘லக்கேஜ்’ என்று பதிவு செய்யலாம். சைக்கிள் அதே ரயிலின் சரக்குப் பெட்டியான பிரேக் வேனில் ஏறும், நீங்கள் பயணிகள் பெட்டியில் ஏறுவீர்கள். பயணச்சீட்டு இல்லாமல் பொருளை மட்டும் அனுப்பினால் அது ‘பார்சல்’. இரண்டுக்கும் ஒரே பார்சல் அலுவலகம்தான் என்றாலும், லக்கேஜாகப் பதிவு செய்தால் நீங்கள் செல்லும் அதே வண்டியில் ஏற்றுவதற்கான வாய்ப்பு அதிகம். ஆகவே கவுன்டரில் வாயைத் திறந்தவுடன் சொல்ல வேண்டிய சொல் ‘லக்கேஜ்’. பயணச்சீட்டோடு இலவசமாகக் கொண்டு செல்லும் எடை வரம்பு சைக்கிளுக்குப் பொருந்தாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

கொண்டுபோக வேண்டியவை: பயணச்சீட்டின் அச்சிட்ட நகல், ஆதார் அல்லது வேறு அடையாள அட்டையின் நகல் இரண்டு, சைக்கிள் வாங்கிய பில்லின் நகல். பில் எல்லா இடத்திலும் கேட்கப்படுவதில்லை. கேட்கப்பட்ட இடத்தில் இல்லாவிட்டால் பேச்சு நீளும். அங்கே கொடுக்கும் படிவத்தில் பொருளின் மதிப்பை எழுதும் இடம் ஒன்று இருக்கும். விலை உயர்ந்த சைக்கிள் என்றால் மதிப்பைக் குறிப்பிட்டு, அதற்கான கூடுதல் கட்டணத்தையும் செலுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் சேதமானாலும் தொலைந்தாலும் இழப்பீடு எடைக் கணக்கில் ஒரு சிறு தொகையோடு நின்றுவிடும்.

விதிப்படி ரயில் கிளம்ப அரை மணி நேரம் முன்பாவது சைக்கிள் அங்கே இருக்க வேண்டும். நடைமுறையில் மூன்று மணி நேரம் முன்பே செல்லுங்கள். கட்டுவதற்கு நிலைய வாசலில் ஆள்கள் இருப்பார்கள். சாக்குத்துணியைச் சுற்றிக் கயிற்றால் கட்டித் தருவார்கள். அதற்கு முன் நீங்களே செய்துகொள்ள வேண்டியவை உண்டு: பெடல்களைக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்வது, ஹேண்டில்பாரைத் திருப்பிவிடுவது, பின்பக்கக் கியர் மாற்றியின்மேல் தடித்த அட்டையை மடித்துக் கட்டுவது. விளக்கு, மணி, தண்ணீர்ப் பாட்டில் போன்றவற்றைச் சைக்கிளிலேயே விடாதீர்கள். பெயர், கைப்பேசி எண், ஏற்றும் நிலையம், இறக்கும் நிலையம் ஆகியவற்றை இரண்டு அட்டைகளில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி இரண்டு பக்கமும் கட்டுங்கள்.

இப்போது நான் விழுந்த குழி. இறங்க வேண்டிய ஊருக்கே சைக்கிளையும் பதிவு செய்வதுதானே இயல்பு என்று நினைத்து, இரண்டே நிமிடம் வண்டி நிற்கும் ஒரு சிறிய நிலையத்துக்குப் பதிவு செய்தேன். நான் இறங்கினேன், சைக்கிள் இறங்கவில்லை. பிரேக் வேனில் பத்துப் பன்னிரண்டு மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்த அதை இரண்டு நிமிடத்துக்குள் யாராலும் இழுத்திருக்க முடியாது. அது வண்டியின் கடைசி நிலையம் வரை போய், மறுநாள் இரவுதான் என்னிடம் திரும்பி வந்தது. ஆகையால், வண்டி நெடுநேரம் நிற்கும் பெரிய நிலையத்துக்கே சைக்கிளைப் பதிவு செய்யுங்கள். இந்தப் பயணத்துக்கு அது திருச்சிராப்பள்ளி ஜங்ஷன். அங்கே இறக்கிக்கொண்டு, ஏறத்தாழ 53 கி.மீ. தொலைவிலுள்ள புதுக்கோட்டைக்கு ஓட்டியே போய்விடலாம். கீரனூரில் காலை உணவு, பதினொரு மணிக்குள் நகரம். தேசிய நெடுஞ்சாலைதான், பேருந்துகள் விரைந்து வரும், ஆனாலும் ஓட்டக்கூடியதே.

பதிவு ரசீதின் மூலப்பிரதியைப் பணத்தைவிடக் கவனமாகப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். அது தொலைந்துவிட்டால் பொறுப்புறுதிப் பத்திரம் (இண்டெம்னிட்டி பாண்ட்) எழுதிக் கொடுத்துத்தான் சைக்கிளை மீட்க முடியும். குறித்த நேரத்துக்குள் எடுக்காவிட்டால் மணிக்கணக்கில் தாமதக் கட்டணம் ஏறும். எத்தனை மணி நேரம் சலுகை என்பதைப் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆம்னி பேருந்தின் அடிப்பகுதியில் முன்சக்கரத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு வருவோரும் உண்டு. கட்டணம் பேச்சுவார்த்தையில் முடிவாகும், ரசீது கிடைக்காது. மடக்கும் சைக்கிள் வைத்திருப்பவர்கள் உறையில் இட்டுக் கையோடு கொண்டுவரலாம். உள்ளூரில் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பி வராதீர்கள். மணிக்கணக்கில் சைக்கிள் வாடகைக்கு விட்ட கடைகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன.

3. உடன் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள்

விடுதி அறைக்கு அடையாள அட்டையின் மூலப்பிரதி வேண்டும்; கைப்பேசியில் உள்ள படத்தைச் சில இடங்களில் ஏற்பதில்லை. இருவர் தங்கினால் இருவருடையதும் வேண்டும்.

வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள தமிழர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் விடுதியினர் அதிகாரிகளுக்குத் தகவல் அனுப்பியாக வேண்டும் என்பதால், அந்த வசதி இல்லாத சிறு விடுதிகள் அறை இல்லை என்று சொல்லிவிடுகின்றன. முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். தொல்லியல் துறையின் நுழைவுக் கட்டணமும் குடியுரிமையைப் பொறுத்தே அமைகிறது. இந்தியருக்கு ரொக்கமாக 25 ரூபாயும் இணையவழியாக 20 ரூபாயும் என்றிருந்த அதே வாயிலில் வெளிநாட்டவருக்கு 300 ரூபாய். ஆனால் இலங்கை போன்ற சார்க் நாட்டவருக்கு இந்தியருக்குரிய கட்டணமே. வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் (ஓசிஐ) அட்டை வைத்திருப்போருக்கும் அப்படியே, அட்டையைக் காட்டினால். அட்டையை விடுதியில் விட்டுவிட்டு வாயிலில் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இணையவழிக் கட்டணத்துக்காக ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியீட்டை நம்பிச் சில்லறை இல்லாமல் போகாதீர்கள். குன்றின் மறைவில் சிக்னல் வராது. பத்து, ஐம்பது ரூபாய்த் தாள்களாக ஐந்நூறு ரூபாய் வைத்திருங்கள்.

4. சைக்கிள், டியூப், முள்

எந்தச் சைக்கிள் என்பது பெரிய விஷயமன்று. கியர் உள்ள ஹைபிரிட் வகை போதும், 35 மி.மீ. அல்லது அதைவிட அகலமான டயர் நல்லது. பந்தயச் சைக்கிளின் மெல்லிய டயரோடு வருவோர் இரண்டாம் நாளே வருந்துவார்கள்.

காரணம் சீமைக்கருவேலம். சாலையோரம் முழுவதும் அதுதான். நிழலாக இருக்கிறதே என்று அதன் அடியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்ச் சாய்த்தால், திரும்பும்போது இரண்டு டயரும் தட்டையாக இருக்கும். நான் அன்னவாசலுக்கு அருகில் அப்படிச் செய்தேன். பஞ்சரான டியூபைக் கழற்றிப் புதிய டியூபைப் போட்டேன், ஒரு கி.மீ. தாண்டுவதற்குள் அதுவும் போயிற்று. கடைசி டியூபையும் போட்டேன், அதுவும் போயிற்று. தள்ளிக்கொண்டே வந்து, வேப்பமரத்தடியில் தண்ணீர்த் தொட்டியும் காற்றடிக்கும் பம்பும் வைத்திருந்த பஞ்சர் கடை ஒன்றைக் கண்டுபிடித்தேன். கடைக்காரருக்கு எழுபது வயதாவது இருக்கும். டியூபைத் தொடவே இல்லை. டயரைக் கழற்றி, உட்புறத்தைக் கையால் மெல்லத் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். இடுக்கியால் இழுத்தபோது அரிசிமணி நீளத்துக்குக்கூட இல்லாத, கறுத்த முள்நுனி ஒன்று வந்தது. “தம்பி, டியூப் போச்சு டியூப் போச்சுன்னு டியூபையே பாக்குறீங்க. டயர யாரு பாக்குறது?” என்றார். மூன்று டியூபுக்கும் ஒட்டுப் போட்டு அவர் வாங்கியது 120 ரூபாய்.

ஆகவே பஞ்சரானால் முதல் வேலை, டயரின் உட்புறத்தைத் தடவி முள்ளை எடுப்பது. விரலுக்குப் பதில் ஒரு துணியால் தடவினால் முள் துணியில் சிக்கிக்கொள்ளும், விரலும் தப்பும். மாற்று டியூப் மூன்று, ஒட்டுப்போடும் பெட்டி, சிறிய பம்பு, இடுக்கி ஆகியவை கட்டாயம். உங்கள் டியூப் மெல்லிய பிரெஸ்டா வால்வு உள்ளது என்றால் அதற்கான பித்தளை அடாப்டரையும் எடுத்துவாருங்கள். ஊர்க் கடைகளில் உள்ள பம்பு பழைய சைக்கிள் வால்வுக்கும் மோட்டார் சைக்கிள் வால்வுக்கும்தான் பொருந்தும். இருபது ரூபாய்ப் பொருள் இல்லாமல் இருபது கி.மீ. தள்ளிக்கொண்டு வந்தவர்கள் இருக்கிறார்கள்.

இந்த மாவட்டத்தில் சைக்கிள் பழுது பார்க்கத் தெரிந்த கை எந்த ஊரிலும் ஒன்றாவது இருப்பது தற்செயலன்று என்று நினைக்கிறேன். 1990களின் தொடக்கத்தில் இங்கே நடந்த அறிவொளி இயக்கத்தில் எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் பழகினார்கள். அன்று பழகியவர்கள் இன்று பாட்டிகள். என்னோடு இரண்டாம் முறை வந்த தோழியை வழிநெடுக நிறுத்தி, எத்தனை கியர், எவ்வளவு விலை என்று விசாரித்தவர்கள் பெரும்பாலும் அந்த வயதுப் பெண்களே. தனியாகச் செல்லத் தயங்கும் பெண்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

உடையில் ஒரே ஒரு செய்தி: நான்கு முழ வேட்டி ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அரைக்கால் சட்டையோடு வழிபாடு நடக்கும் கோயிலுக்குள் போவது முறையல்ல. அதற்கு மேலே சுற்றிக்கொள்ளவும், வியர்வை துடைக்கவும், நண்பகலில் விரித்துப் படுக்கவும் அதுவே உதவும்.

5. தங்குமிடம்

பயணம் முழுவதும் புதுக்கோட்டை நகரிலேயே தங்குங்கள். நாள்தோறும் மூட்டையைக் கட்டி அவிழ்க்கும் தொல்லை இருக்காது. சைக்கிளும் இலேசாக இருக்கும். பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள சாதாரண விடுதிகளில் நாளுக்கு 800 முதல் 1,200 ரூபாய் வரை கேட்டார்கள். அறையைப் பார்ப்பதற்கு முன்பே, சைக்கிளை எங்கே வைப்பது என்று கேளுங்கள். வாசலில் நிற்கட்டும், ஒன்றும் ஆகாது என்பது சரியான பதிலன்று. தரைத்தள அறை அல்லது பூட்டக்கூடிய கிடங்கு வேண்டும். முகூர்த்த நாள்களில் திருமணக் கூட்டத்தால் அறைகள் நிறைந்துவிடும் என்பதால் நாள்காட்டியையும் பார்த்துவிடுங்கள்.

6. முதல் நாள்: குடுமியான்மலை, சித்தன்னவாசல் (ஏறத்தாழ 50 கி.மீ.)

நான் செய்ததைத் தலைகீழாக்குங்கள். வழிபாடு நடக்கும் கோயில்கள் காலையிலேயே திறந்து நண்பகலில் சாத்தப்படும்; தொல்லியல் துறையின் சின்னங்கள் ஒன்பது மணிக்குத் திறந்து நண்பகலிலும் திறந்தே இருக்கும். ஆகவே கோயில் முதலில், சின்னம் பிறகு. மூன்று நாள் திட்டமும் இந்த ஒரே விதியில்தான் நிற்கிறது.

தை மாதத்தில் ஆறரைக்கு மேல்தான் நன்றாக விடிகிறது. ஆறரைக்குக் கிளம்பினால் 20 கி.மீ. தொலைவில் மேற்கேயுள்ள குடுமியான்மலைக்கு எட்டேகாலுக்குள் சேர்ந்துவிடலாம். சிகாநாதசுவாமி கோயிலின் மண்டபத் தூண்களில் உள்ள பெரிய சிற்பங்களுக்குக் காலைச் சாய்வெளிச்சம்தான் சரி. குன்றின் அடியில் குடைவரையும், அதையொட்டிய பாறையில் இசைக் கல்வெட்டும் உள்ளன. அந்தப் பகுதி பூட்டியிருந்தால் திரும்பிவிடாமல், சாவி யாரிடம் இருக்கிறது என்று கோயிலில் இருப்பவர்களிடம் கேளுங்கள். இந்த மாவட்டத்துக் குடைவரைகளைப் பார்ப்பதில் பாதி வேலை சாவி வைத்திருப்பவரைத் தேடுவதுதான். ஒரு சிற்றூரில் அவர் வயலில் இருந்தார். ஆள் அனுப்பியதும் கையிலிருந்த சேற்றைக் கழுவிவிட்டு வந்து திறந்தார்.

ஒன்பதரைக்குக் கிளம்பி அன்னவாசலில் உணவை முடித்துக்கொண்டு, தண்ணீர்ப் பாட்டில்களையும் நிரப்பிக்கொண்டு, பத்தரைக்குச் சித்தன்னவாசல் சேருங்கள். ஓவியங்கள் உள்ள குடைவரையான அறிவர் கோயில், ஏழடிப்பட்டம் இரண்டும் தொல்லியல் துறையின் பட்டியலில் தனித்தனிச் சின்னங்கள். எதற்கு எந்தச் சீட்டு என்று கேட்டு வாங்குங்கள். முதலில் ஏழடிப்பட்டம் செல்லுங்கள்: சில நூறு படிகள் ஏறி, குன்றின் மறுபுறம் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும், உச்சி வெயிலில் அந்தக் கம்பியைத் தொட முடியாது. சைக்கிள் காலணியின் அடியில் இரும்புக் கட்டை இருந்தால் பாறையில் வழுக்கும். சாதாரணச் செருப்புக்கு மாறிவிடுங்கள்.

வெயில் உச்சிக்கு வரும்போது அறிவர் கோயிலுக்குள் செல்லுங்கள். இடம் மிகச் சிறியது, ஒரு நேரத்தில் சிலரே நிற்க முடியும். வெளிச்சத்திலிருந்து உள்ளே நுழைந்தவுடன் கூரையில் ஒன்றும் தெரியாது. பலர் அரை நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டு, அழிந்துவிட்டது போல என்று சொல்லிக்கொண்டே வெளியேறிவிடுகிறார்கள். ஐந்து நிமிடம் பொறுத்தால் கண் பழகி, பச்சைப் பரப்பிலிருந்து தாமரைக் குளம் மெல்ல எழும்பி வரும். இலைகளுக்கு நடுவே மீன், யானை, கையில் பூவோடு நிற்கும் ஆள். வியர்த்த முதுகைத் தூணில் சாய்க்காதீர்கள். அதிலும் ஓவியம் இருக்கிறது. உள்ளே ஒளிப்படம் எடுக்கலாமா என்று காவலரைக் கேட்காமல் கைப்பேசியை உயர்த்த வேண்டாம்.

பிறகு மூன்றரை வரை அங்குள்ள பூங்காவின் நிழலில் படுத்திருந்துவிட்டு, 16 கி.மீ. ஓட்டித் திரும்புங்கள். ஐந்தரைக்குள் நகரில் இருக்க வேண்டும். ஊர்ச் சாலைகளில் விளக்கில்லை.

7. இரண்டாம் நாள்: நார்த்தாமலை (ஏறத்தாழ 40 கி.மீ.)

திருச்சி சாலையில் 17 கி.மீ. வந்து ஊருக்குள் திரும்ப வேண்டும். கல்குவாரி டிப்பர் லாரிகள் இப்பகுதியில் அதிகம். லாரி நெருங்கும் ஓசை கேட்டால் மண்ணில் இறங்கி நின்றுவிடுங்கள், வீரம் வேண்டாம். சித்தன்னவாசலிலிருந்து ஊர்ச் சாலைகள் வழியாகவும் இங்கே வரலாம், இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்றும் தோன்றும். முடியும், ஆனால் நார்த்தாமலையில் ஏறும்போது மணி பன்னிரண்டாகிவிடும். மேலமலை என்பது முழுக்க முழுக்கத் திறந்த பாறை. அதன் மேலுள்ள விஜயாலய சோழீச்சரம் கோயில் வரை மரநிழலோ கடையோ கிடையாது.

எட்டரைக்கு அடிவாரம் சேர்ந்து, சைக்கிளை ஊருக்குள் ஒரு வீட்டு வாசலிலோ கடையிலோ சொல்லிவிட்டுப் பூட்டிவையுங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். ஏறப் பதினைந்து நிமிடம் போதும். கோயிலுக்கு எதிரிலேயே இரண்டு குடைவரைகள் உள்ளன. பெரியதில் சுவரோரம் வரிசையாக ஆளுயரத் திருமால் உருவங்கள் நிற்கின்றன. அந்த முற்றத்துப் பாறையில் உட்கார்ந்தால் கீழே ஊரும் கண்மாயும் வயலும் தெரியும். நான் இரண்டாம் முறை சென்றபோது அங்கே காற்றின் ஓசை மட்டுமே இருந்தது, காவலரையும் எங்கள் இருவரையும் தவிர யாருமில்லை. பதினொன்றுக்குள் இறங்கிவிடுங்கள்.

மாலையில் நகரின் ஒரு பகுதியான திருக்கோகர்ணத்துக்குச் செல்லுங்கள். அங்குள்ள அரசு அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமைகளிலும் இரண்டாவது சனிக்கிழமையிலும் விடுமுறை. இரண்டாம் நாள் அப்படி அமையாதபடி பயணத்தைத் தொடங்குங்கள். நான்கு மணிக்குள் நுழைந்தால் நிதானமாகப் பார்க்கலாம். பிறகு நடை திறந்திருக்கும் கோகர்ணேசுவரர் கோயில்.

8. மூன்றாம் நாள்: திருமயம் (ஏறத்தாழ 40 கி.மீ.)

காரைக்குடி சாலையில் தெற்கே 20 கி.மீ. வழியில் நமணசமுத்திரத்தில் அய்யனார் கோயில். வரிசை வரிசையாகச் சுடுமண் குதிரைகள், பழையவை இடிந்தும் சாய்ந்தும் கிடக்க, புதியவை அவற்றின் முன்னால் நிற்கும். இருபது நிமிடம் ஒதுக்குங்கள்.

திருமயத்தில் முதலில் சிவன், பெருமாள் கோயில்கள் இரண்டையும் முடித்துவிட்டு, அதன் பிறகு கோட்டைக்குச் சீட்டு வாங்குங்கள். மேலே பீரங்கி நிற்கும் உச்சி வரை முக்கால் மணி நேரத்தில் ஏறி இறங்கலாம். மாலையில் கதிரவன் மறைவதை உச்சியிலிருந்து பார்க்கும் ஆசையோடு வராதீர்கள்; அதற்கு முன்பே இறக்கிவிடுவார்கள். கோட்டைச் சுவரில் சாலையைப் பார்த்திருக்கும் பைரவர் சன்னதியில் வண்டியோட்டிகள் பிரேக் போட்டு நிறுத்திக் கும்பிடுவது வழக்கம். அந்த வளைவில் உங்களுக்கு முன்னால் போகும் வண்டி முன்னறிவிப்பின்றி நிற்கும், எச்சரிக்கை.

நான்காவது நாள் கைவசம் இருந்து, கால்களிலும் வலு இருந்தால் கொடும்பாளூர் மூவர் கோயில். இலுப்பூர் வழியாகப் போக மட்டும் 40 கி.மீ.க்குச் சற்றுக் குறைவு. மூன்றில் இரண்டு கோயில்களே நிற்கின்றன. புல்வெளியும் சுற்றுச்சுவரும் நேர்த்தியாக உள்ளன. அருகில் ஓடும் திருச்சி–மதுரை நான்குவழிச் சாலையில் மட்டும் ஏறாதீர்கள்.

9. வழியில் நேரக்கூடியவை

வரைபடச் செயலி, குறுக்குவழி என்று கண்மாய்க் கரை மீது ஏற்றிவிடும். அது மாட்டுவண்டித் தடமாக முடியும். ஐயம் வந்தால் ஆளைக் கேளுங்கள். ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டிக் காட்டுவதைவிட வாயால் சொல்வது விரைவு. வரைபடத்தை முன்கூட்டியே கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நாய் துரத்தினால் வேகமெடுக்காமல் இறங்கிச் சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். பத்தடியில் அதற்குச் சலித்துவிடும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மயக்கம், விபத்து என்றால் 108.

10. செலவும் திரும்புதலும்

இரண்டாம் பயணத்தில் மூன்று இரவு அறைக்கு எங்கள் இருவருக்கும் 3,000 ரூபாய் ஆயிற்று. உணவு, தேநீர், இளநீருக்கு ஆளுக்கு நாள்தோறும் 350 ரூபாய்க்குக் குறையவில்லை. வெயிலில் ஓட்டுபவர் குடிக்கும் கணக்கு வேறு. நுழைவுச் சீட்டுகள் எல்லாம் சேர்த்து ஆளுக்கு நூறு ரூபாயைத் தாண்டவில்லை. சைக்கிளைக் கட்டும் கூலி ஒவ்வொரு முறையும் 200 ரூபாய், போக வர இரண்டு முறை. ரயில் லக்கேஜ் கட்டணம் தூரத்தையும் வண்டியின் வகையையும் பொறுத்து மாறும் என்பதால் என் தொகை உங்களுக்குப் பயன்படாது.

திரும்பும்போதும் திருச்சியிலிருந்தே பதிவு செய்யுங்கள். இரவு வண்டி என்றால் மாலை ஐந்து மணிக்குள் பார்சல் அலுவலகத்தில் இருக்க வேண்டும். அதற்குப் புதுக்கோட்டையிலிருந்து காலையிலேயே கிளம்பிவிடுவது நல்லது. அழுக்கான சைக்கிளை அப்படியே கட்டினால் செம்மண் காய்ந்து சங்கிலியில் இறுகிவிடும். கீரனூரில் வண்டி கழுவும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் கேட்டுச் சங்கிலியைக் கழுவித் துடைத்துவிட்டு எண்ணெய் விட்டுக்கொள்ளுங்கள். டயரில் காற்றைப் பாதியாக இறக்கிவிட்டு, பெடல்களைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, அதன் பிறகு கட்டுபவரைக் கூப்பிடுங்கள்.